பழைய ஃபிரிட்ஜுக்கு யார் காசு கொடுப்பது? ஜப்பானின் 2001 மறுசுழற்சிச் சட்டம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2014 மார்ச். டோக்கியோவின் நிஷி-கசாயில் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டுச் சென்னை திரும்பவேண்டும். அந்தப் பகுதியில் நம்மூர்க் குடும்பங்கள் அதிகம். ஊருக்குக் கிளம்புகிறவர்கள் குக்கரில் தொடங்கி மெத்தை வரை எல்லாவற்றையும் ‘சயோனாரா சேல்’ என்று போட்டு விற்றுவிடுவது வழக்கம். எங்கள் வீட்டிலும் எல்லாம் போயிற்று, ஃபிரிட்ஜ் மட்டும் நின்றது. நான் வாங்கியபோதே அது செகண்ட் ஹேண்ட். சும்மா கொடுக்கிறேன் என்றாலும் எடுக்க ஆளில்லை.

அம்மாவிடம் போனில் புலம்பினேன். “காயலான் கடைக்காரனக் கூப்பிடுடா, ஐநூறு அறுநூறாவது தருவான்” என்றார்.

“இங்க நாமதாம்மா காசு குடுக்கணும்.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “கெட்டுப்போன ஃபிரிட்ஜ எடுத்துட்டுப் போறதுக்கு நாம காசு குடுக்கணுமா? என்னடா ஊரு அது?”

அந்த ஊர் ஏன் அப்படி ஆனது, ஆனதால் என்ன நடந்தது என்பதுதான் இந்த ஆய்வு. மின்சாதனங்களைத் திரும்பப் பெறும் திட்டம் என்றதும் எல்லோரும் தொழிற்சாலையைத்தான் நினைக்கிறார்கள்: எத்தனை டன் அரைக்கும், எவ்வளவு காப்பர் பிரியும் என்று. நான் பார்த்தவரை, ஃபிரிட்ஜோ டிவியோ, ஒரு பழைய பெட்டி எங்கே போகும் என்பது வாசற்படியிலேயே முடிவாகிவிடுகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் காசு யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதை வைத்துத்தான் மற்றதெல்லாம்.

சட்டத்துக்கு முன்

1990களில் ஜப்பானிய வீடுகளிலிருந்து வெளியேறிய டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி நான்கும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் டன். புதுசு வாங்கும்போது கடைக்காரர் பழசை எடுத்துப் போவார்; மிச்சத்தை நகராட்சி ‘பெருங்குப்பை’ என்று அள்ளும். கொஞ்சம் இரும்பை உருவிய பிறகு பெரும்பகுதி மண்ணுக்குள் போனது. மலையும் கடலும் நெருக்கும் நாட்டில் குப்பை புதைக்க இடம் ஏது? காகவா மாவட்டத்தின் தெஷிமா என்ற சின்னத் தீவில், கார்களை அரைத்த தூளையும் ஆலைக் கழிவையும் ஒரு நிறுவனம் ஆண்டுக்கணக்கில் கொட்டிக்கொண்டே இருந்தது. 1990இல் போலீஸ் புகுந்த பிறகுதான் அது நின்றது. அந்தப் படங்களைப் பார்த்த தலைமுறைதான் சட்டம் எழுத உட்கார்ந்தது.

1998 ஜூனில் சட்டம் வந்தது. 2001 ஏப்ரல் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இடையில் விட்ட மூன்றாண்டுகள் வீண் போகவில்லை. அதற்குள் ஆலைகள் எழுந்தன, மறுசுழற்சிக் கட்டணச் சீட்டு முறை தயாரானது, கடைகளுக்குப் பயிற்சி நடந்தது. நம்மூரில் விதி வெளியான மறுநாளே அமலுக்கு வந்துவிட்டு, அப்புறம் ஆண்டுக்கணக்கில் திருத்தம் ஓடுவதைப் பார்த்துப் பழகியவனுக்கு இந்தப் பொறுமை மேல் கொஞ்சம் பொறாமை உண்டு.

முதலில் நான்கு வகைதான். பெரியவை, கனமானவை, நகராட்சியின் இயந்திரத்துக்கு அடங்காதவை. 2004இல் ஃபிரீசர் சேர்ந்தது. 2009இல் எல்சிடி, பிளாஸ்மா டிவிகளும் துணி உலர்த்தும் இயந்திரமும். எல்லா மின்சாதனங்களையும் ஒரே சட்டத்தில் இழுத்துப் போடாதது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஐரோப்பா எதிர்த்திசையில் போய், ஹேர் டிரையர் முதல் ஃபிரிட்ஜ் வரை ஒரே ஆணையில் வைத்து, கணக்கு எடுப்பதற்கே திண்டாடியது.

வேலை மூன்று கைகளுக்குப் பிரிந்தது. வீட்டுக்காரர் காசு கொடுக்கவேண்டும். கடைக்காரர், தான் விற்ற பெட்டியையும், புதுசு விற்கும்போது அதற்கு ஈடான பழைய பெட்டியையும் மறுக்காமல் வாங்கி, குறிப்பிட்ட கிடங்கில் சேர்க்கவேண்டும். அங்கிருந்து எடுத்துப்போய்ப் பிரித்து, உருக்கி, மீண்டும் பொருளாக்குவது தயாரிப்பாளரின் பொறுப்பு. ஐரோப்பாவில் தயாரிப்பாளர் பெரும்பாலும் பணத்தைக் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். ஜப்பானில் அவரே ஆலை நடத்தவேண்டிய நிலை. இந்த வேறுபாடு பிற்பாடு எதிர்பாராத பலனைத் தந்தது. ஆலைத் தளத்துக்குப் போகும்போது சொல்கிறேன்.

காசு: முன்னால் வாங்குவதா, பின்னால் வாங்குவதா

திட்டமிட்டவர்கள் அதிகம் சண்டை போட்டது இதில்தான். சுவிட்சர்லாந்தில் 1990களின் தொடக்கத்திலிருந்தே வேறு வழி இருந்தது: புதுசு வாங்கும்போதே விலையோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்து வாங்கிவிடுவார்கள், தூக்கிப்போடும் நாளில் காசில்லை. ஜப்பான் நேர்மாறாக, தூக்கிப்போடும் நாளில் வாங்கு என்றது. 2001இல் பெரிய நிறுவனங்கள் எல்லாம் அறிவித்த கட்டணம் ஏறக்குறைய ஒன்றே: வரி நீங்கலாக ஏசிக்கு 3,500 யென், டிவிக்கு 2,700, ஃபிரிட்ஜுக்கு 4,600, வாஷிங் மெஷினுக்கு 2,400. ஃபிரிட்ஜ் கட்டணம் அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 1,800 ரூபாய். கடையிலிருந்து கிடங்குக்கு ஏற்றிப்போகும் கூலி இதற்கு மேல் தனி.

பின்கட்டணத்துக்குச் சொன்ன காரணங்கள் அசட்டுத்தனமானவை அல்ல. சட்டம் தொடங்கும் நாளில் வீடுகளில் ஏற்கெனவே நிற்கும் கோடிக்கணக்கான பெட்டிகளுக்கு யாரும் முன்கட்டணம் கட்டியிருக்கவில்லை. அவற்றுக்கான செலவை யார் தலையில் கட்டுவது? ஃபிரிட்ஜ் பத்துப் பதினைந்து வருடம் ஓடும். அத்தனை வருடம் கழித்துப் பிரிக்க என்ன செலவாகும் என்று இன்று எப்படி விலை வைப்பது? வாங்கிய தொகையை அதுவரை எங்கே வைப்பது, அதற்கு வரி உண்டா? இடையில் நிறுவனமே இல்லாமல் போனால்? கடைசிக் கேள்வி வெறும் சாக்கு என்று அன்று பலர் நினைத்தார்கள். சட்டம் வந்து பத்தாண்டுக்குள் சான்யோவை பானசோனிக் விழுங்கிவிட்டது. வாஷிங் மெஷினில் சான்யோ பெயரைப் பார்த்து வளர்ந்தவர்கள் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

எதிர்த்தரப்பில் நகராட்சிகள் நின்றன. அவர்களுக்கு ஒரே பயம்தான்: கடைசி நாளில் காசு கேட்டால் ஜனங்கள் ராத்திரியில் மலைப்பாதை ஓரத்தில் தள்ளிவிட்டுப் போவார்கள், அள்ளும் செலவு நம் தலையில். 2006 முதல் 2008 வரை நடந்த மறுஆய்வில் முன்கட்டணத்துக்கு மாற்றும்படி அவர்கள் கேட்டுப் பார்த்தார்கள். நடக்கவில்லை, பின்கட்டணமே தொடர்ந்தது.

வேடிக்கை என்னவென்றால், அதே நாடு அதே காலத்தில் கம்ப்யூட்டருக்கு வேறு முடிவு எடுத்தது. 2003 அக்டோபருக்குப் பிறகு வீட்டு உபயோகத்துக்கு விற்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு மறுசுழற்சி முத்திரை ஒட்டப்பட்டது. கட்டணம் விலைக்குள்ளேயே அடக்கம். தூக்கிப்போட நினைத்தால் தயாரிப்பாளரிடம் சொன்னால் போதும். தபால் சீட்டு வீட்டுக்கு வரும், பெட்டியில் கட்டி தபால் நிலையத்தில் சேர்த்தால் முடிந்தது. 2005இல் கார்களுக்கும் வாங்கும்போதே பணம் கட்டும் முறை வந்தது. ஃபிரிட்ஜ் சட்டத்தில் பட்ட சூடு அடுத்தடுத்த சட்டங்களில் தெரிகிறது, ஃபிரிட்ஜ் சட்டத்தில் மட்டும் தெரியவில்லை.

சீட்டும் லாரியும்

என் ஃபிரிட்ஜ் கதைக்கு வருகிறேன். வாங்கிய கடை எதுவென்று தெரியாது, புதுசும் வாங்கப்போவதில்லை. ஆகவே கடைக்காரர் யாருக்கும் அதை எடுக்கும் கடமை இல்லை. வார்டு அலுவலகத் துண்டறிக்கையைப் படித்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் ஒரு சின்ன லாரி ஊர்ந்து வந்தது. ஒலிபெருக்கியில் பதிவு செய்த பெண் குரல்: வேண்டாத டிவி, ஏசி, ஃபிரிட்ஜ், கம்ப்யூட்டர், உடைந்திருந்தாலும் பரவாயில்லை, எடுத்துக்கொள்கிறோம். நம்ம தெருவில் ‘பழைய இரும்பு, பேப்பர், பிளாஸ்டிக்கே’ என்று போகும் குரலின் ராகம் இல்லை, குழைவு அதிகம். தொழில் என்னவோ அதே தொழில்.

கைகாட்டி நிறுத்தினேன். இலவசமா என்றேன், தலையாட்டினார். இரண்டு பேர் சேர்ந்து ஏற்றினோம். ஏற்றிக் கயிறு கட்டிய பிறகு, ஏற்றுக்கூலி 12,000 யென் என்றார். இறக்கிவிடுங்கள் என்றேன். இறக்கவும் கூலி உண்டாம். என் அரைகுறை ஜப்பானிய மொழியில் வாக்குவாதம் நீண்டபோது எதிர்வீட்டுப் பெரியவர் வெளியே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை, நின்றார், அவ்வளவுதான். ஓட்டுநர் ஃபிரிட்ஜை நடைபாதையில் இறக்கிவைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை தபால் நிலையம் போனேன். மறுசுழற்சிச் சீட்டு என்பது கார்பன் தாள் வைத்த பல பிரதிப் படிவம். தயாரிப்பாளருக்கு ஒரு குறியீட்டு எண், பொருளுக்கு ஒன்று, அளவுக்கு ஒன்று. சுவரில் மாட்டியிருந்த பட்டியலைப் பார்த்து நிரப்பவேண்டும். கவுன்டரில் இருந்த அம்மாள், ஃபிரிட்ஜின் கொள்ளளவு 170 லிட்டருக்கு மேலா கீழா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்து, உள்பக்க ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போனேன். ஏற்றிப்போகும் அனுமதி பெற்ற நிறுவனத்துக்குத் தனியாக நாள் குறித்துத் தனியாகப் பணம். ஒரு கெட்டுப்போன ஃபிரிட்ஜுக்காக நான் அரை நாள் விடுப்பு எடுத்தேன்.

படிவத்தின் கடைசிப் பிரதி நம்மிடம் இருக்கும். அதிலுள்ள எண்ணை இணையத்தில் போட்டால், பெட்டி கிடங்குக்குப் போய்ச் சேர்ந்ததா, ஆலைக்குப் போனதா என்று காட்டும். கடைக்காரர் நடுவில் வேறு எவருக்காவது விற்றுவிடாமல் இருப்பதற்கான காப்பு இது. அப்படி விற்ற கடைகளும் இருந்தன. மாட்டிக்கொண்ட பிறகு கணக்கு வைப்பது இறுகியது.

திட்டத்தில் சரியாக யோசிக்காமல் விட்ட ஒன்று கிடங்கு விஷயம். தயாரிப்பாளர்கள் இரண்டு கூட்டணிகளாகப் பிரிந்தார்கள். ‘ஏ’ அணியில் மட்சுஷிதாவும் (இன்றைய பானசோனிக்) தோஷிபாவும். ‘பி’ அணியில் ஹிட்டாச்சி, மிட்சுபிஷி எலெக்ட்ரிக், சோனி, ஷார்ப், சான்யோ. ஆலைகளுக்குள் போட்டி இருந்தால் செலவு குறையும் என்பது கணக்கு. அணிக்குச் சுமார் 190 கிடங்குகள், மொத்தம் 380. ஆனால் லாரியில் நான்கு ஃபிரிட்ஜ் ஏற்றிய சிறு கடைக்காரர், பிராண்டைப் பார்த்துப் பிரித்து, ஊரின் இரண்டு மூலைகளுக்கு ஓடவேண்டியிருந்தது. போட்டியின் பலன் ஆலைக்கு, டீசல் செலவு கடைக்காரருக்கு. இரண்டு அணிகளின் பெட்டிகளையும் ஒரே கிடங்கில் இறக்கலாம் என்று ஆனது 2009 அக்டோபரில். எட்டரை வருடம்!

ஆலைத் தளத்தில்

மட்சுஷிதா கட்டிய ஆலை ஹியோகோ மாவட்டத்தின் யாஷிரோவில், இன்றைய கட்டோ நகரில், 2001இல் தொடங்கியது. ஷார்ப் முதலியோரின் கன்சாய் ஆலை ஒசாகாவின் ஹிராகட்டாவில். இவற்றில் நடக்கும் வேலையைப் பலர் ‘அரைப்பது’ என்று நினைக்கிறார்கள். அரைப்பது கடைசிக் கட்டம். அதற்கு முன் கைவேலைதான் அதிகம்.

வாஷிங் மெஷினை எடுத்துக்கொள்வோம். மேலிருந்து துணி போடும் ஜப்பானிய மெஷினின் தொட்டி விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். சுழலும்போது ஆடாமல் இருக்க அதற்குள் உப்புத்தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். அப்படியே அரைத்தால் உப்பு எல்லாவற்றின் மேலும் தெறித்து இரும்பையும் இயந்திரத்தையும் அரித்துவிடும். ஆகவே ஒவ்வொரு தொட்டியிலும் துளை போட்டு வடித்த பிறகே மேற்கொண்டு வேலை. மெஷினை வடிவமைத்த பொறியாளர் ஒருநாளும் யோசித்திராத விஷயம், அவர் நிறுவனத்தின் ஆலையிலேயே தினமும் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கிறது.

நான் முன்னே சொன்ன எதிர்பாராத பலன் இதுதான். ஆலை தன்னுடையது என்பதால், பிரிப்பவரின் எரிச்சல் வடிவமைப்பாளரின் மேசைக்குப் போனது. திருகாணிகளின் எண்ணிக்கை குறைந்தது, எந்த பிளாஸ்டிக் என்று உள்பக்கம் முத்திரை வந்தது. ஷார்ப் பழைய வாஷிங் மெஷின் தொட்டியின் பாலிபுரோப்பிலீனைப் புதுத் தொட்டிக்கே திரும்பக் கொண்டுவந்தது. வெறும் பணம் கட்டும் முறையில் இந்தச் சங்கிலி உருவாவதை நான் அதிகம் கண்டதில்லை.

ஃபிரிட்ஜில் சிக்கல் வேறு. கம்ப்ரஸரில் இருக்கும் கேஸை உறிஞ்சி எடுப்பது எளிது. சுவருக்குள் அடைத்திருக்கும் நுரைப்பஞ்சிலும் பழைய ஃபிரிட்ஜ்களில் ஓசோனைக் கெடுக்கும் வாயு சிறைப்பட்டிருக்கிறது. பஞ்சை உடைத்தால் வெளியேறும். 2004 முதல் அதையும் பிடிக்கவேண்டும் என்றானது. மூடிய அறைக்குள் அரைத்து, வாயுவைத் தனியாக உறிஞ்சி, காற்றடித்துப் பஞ்சைப் பிரிக்கிறார்கள்.

டிவியின் பிக்சர் ட்யூபில் முன்பக்கக் கண்ணாடி ஒரு வகை, பின்பக்கப் புனல் வேறு வகை. புனலில் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடு. இரண்டும் ஒட்டியிருக்கும் இடத்தைச் சுற்றிக் கம்பியைக் கட்டிச் சூடேற்றி, சட்டென்று குளிரவைத்தால் விரிசல் விழுந்து இரண்டாகப் பிரியும். உள்ளிருக்கும் ஒளிரும் பொடியை உறிஞ்சி எடுத்துவிட்டு, கண்ணாடியை வகைவாரியாகத் தூளாக்கிப் புது ட்யூப் செய்யும் ஆலைகளுக்கு அனுப்பினார்கள். ட்யூப் டிவி தயாரிப்பு உலகத்தில் இருந்தவரை இது அழகான வட்டம்.

கணக்கு எழுதும் முறையிலும் ஒரு கண்டிப்பு இருந்தது. பிரித்தெடுத்த பொருளை விலைக்கு விற்றாலோ, குறைந்தபட்சம் ஒருவர் இலவசமாக வாங்கிக்கொண்டாலோ மட்டும்தான் அது ‘மீண்டும் பொருளானது’ என்று சேரும். காசு கொடுத்து ஒருவரிடம் தள்ளினால் சேராது. எரித்து வெப்பம் எடுத்தாலும் சேராது. இந்த அளவுகோலில் சட்டம் கேட்ட குறைந்தபட்ச விகிதம் ஏசிக்கு 60%, டிவிக்கு 55%, ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் 50%. முதல் ஆண்டிலேயே ஏசி 78, டிவி 73, ஃபிரிட்ஜ் 59, வாஷிங் மெஷின் 56 என்று தாண்டிவிட்டன. 2015இல் இலக்கை ஏசிக்கு 80, வாஷிங் மெஷினுக்கு 82 என்று ஏற்றினார்கள். ட்யூப் டிவியை மட்டும் 55இலேயே விட்டுவிட்டார்கள். அதன் காரணம் அடுத்து வருகிறது.

வெள்ளம்

2001 நிதியாண்டில் ஆலைகளுக்கு வந்தவை 85 லட்சம் பெட்டிகள். 2005இல் 1.16 கோடி. 2010இல் 2.77 கோடி, அதில் 1.7 கோடிக்கு மேல் ட்யூப் டிவி.

இரண்டு அரசு முடிவுகள் ஒரே இடத்தில் மோதின. பழைய ட்யூப் டிவிகள் நம்பியிருந்த அனலாக் ஒளிபரப்பை 2011 ஜூலை 24இல் நிறுத்துவது ஒன்று (நிலநடுக்கம் தாக்கிய மூன்று மாவட்டங்களில் மட்டும் 2012 மார்ச் வரை நீண்டது). பொருளாதார மந்தத்தைச் சமாளிக்க 2009 மே முதல் 2011 மார்ச் வரை நடந்த ‘எகோ பாயின்ட்’ திட்டம் மற்றொன்று: மின்சாரம் மிச்சம் பிடிக்கும் டிவி, ஏசி, ஃபிரிட்ஜ் வாங்கினால் புள்ளிகள், பழசைச் சட்டப்படி மறுசுழற்சிக்குக் கொடுத்தால் கூடுதல் புள்ளிகள். கவனியுங்கள், பின்கட்டணத்தை அரசு மறைமுகமாகத் தானே திருப்பிக் கொடுத்த காலம் இது. வாசலில் காசின் திசை மாறியதும் பெட்டிகள் தாமாக நடந்து வந்தன. கிடங்குகளில் டிவிகள் அடுக்கடுக்காக நின்றன, ஆலைகள் ஷிஃப்ட் கூட்டின. 2012இல் மொத்தம் மறுபடி 1.12 கோடிக்கு இறங்கிவிட்டது. உச்ச ஆண்டைப் பார்த்துக் கட்டிய கொள்ளளவு அப்புறம் சும்மா கிடந்தது.

பிரித்த கண்ணாடி எங்கே போகும்? உலகமே தட்டையான டிவிக்கு மாறிய பிறகு ட்யூப் கண்ணாடிக்கு வாங்குபவர் குறைந்துகொண்டே போனார். ஈயம் கலந்த புனலை உருக்காலைக்குக் காசு கொடுத்து அனுப்ப வேண்டிவந்தால், மேலே சொன்ன கணக்கின்படி அது சேராது. தொழில்நுட்பம் கெடவில்லை, ஆட்கள் கெடவில்லை. வாங்குபவர் போனதும் விகிதம் சரிந்தது. இலக்கை ஏற்றாமல் விட்டதன் பின்னணி அதுதான்.

ஓட்டை

நகராட்சிகள் பயந்தபடியே ஓரங்களில் தள்ளுவதும் நடந்தது. மோசமான ஆண்டுகளில் 1.5 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளை அநாதையாக எண்ணியிருக்கிறார்கள். ஆனால் ஒழுங்காக வந்த கோடியோடு ஒப்பிட்டால் அது சிறுதுளி. பெரிய ஓட்டை நான் கைகாட்டி நிறுத்திய லாரியில் இருந்தது.

2013 நிதியாண்டில் வீடுகளை விட்டு வெளியேறிய பெட்டிகளில் சட்டத்தின் வழியே வந்தவை 49% மட்டுமே. மற்றவை செகண்ட் ஹேண்ட் கடைக்கும், வெளிநாட்டுக்கும், கலவை உலோகக் குப்பையாகத் துறைமுக யார்டுகளுக்கும், அதாவது பழைய சாமான் குவிக்கும் திறந்தவெளிகளுக்கும், போயின. பன்னிரண்டு வருடமாக எல்லோரும் ஆலைக்குள் எத்தனை சதவீதம் பொருளானது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆலைக்கே எத்தனை சதவீதம் வருகிறது என்பதற்கு ஓர் இலக்கு அதன் பிறகுதான் வைக்கப்பட்டது: 2018க்குள் 56%. 59.7% வந்தது. இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்கவேண்டும் என்பது என் கருத்து.

நான்கில் மிக அதிகம் ஓடிப்போனது ஏசி. காரணத்தை நம்மூர் ஏசி மெக்கானிக் யாரைக் கேட்டாலும் சொல்வார்: உள்ளே காப்பர் குழாய், அலுமினியத் தகடு, கம்ப்ரஸர். கழற்றுவதற்கு எப்படியும் ஆள் வரவேண்டும். கழற்றியவர் கையோடு எடுத்துப்போனால் அவருக்குக் காசு. இதனால் ஏசியின் கட்டணத்தை நிறுவனங்கள் படிப்படியாகக் குறைத்தன. 3,500இல் தொடங்கியது பின்னாளில் பெரிய நிறுவனங்களில் வரியோடு 990 யென் வரை இறங்கியது. அப்படியும், 2030க்குள் மொத்தத்தில் 70.9% திரும்பவேண்டும் என்று இலக்கு வைத்தவர்கள் ஏசிக்கு 53.9% போதும் என்று ஒதுங்கிவிட்டார்கள். வாசலில் 990 யென் கொடுப்பதா, ஒன்றும் கொடுக்காமல் விடுவதா என்ற கேள்விக்கு 990 சின்னத் தொகைதான். ஆனாலும் பூஜ்யத்தைவிடப் பெரியது.

யார்டுகளின் பக்கத்திலிருந்தும் பிடித்தார்கள். 2017இல் கழிவுச் சட்டம் திருத்தப்பட்டு, மறு ஆண்டு ஏப்ரல் முதல் இத்தகைய பழைய சாதனங்களைக் குவிக்கும் யார்டுகள் பதிவு செய்யவேண்டும் என்றானது. யார்டுகளில் அடிக்கடி பற்றிய தீயும், கலவை உலோகக் குப்பைக்குச் சீனா கதவை அடைத்ததும் சேர்ந்து அந்தச் சந்தையைச் சுருக்கின. சதவீதம் ஏறியதில் சட்டத்துக்கு எவ்வளவு பங்கு, சீனாவுக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது கஷ்டம்.

சின்னச் சாமான்கள்

செல்போன், கேமரா, ரைஸ் குக்கர் போன்ற 28 வகைகளுக்கு 2013 ஏப்ரலில் தனிச் சட்டம் வந்தது. இதில் கட்டாயமே கிடையாது. நகராட்சி விருப்பப்பட்டால் சேகரிப்புப் பெட்டி வைக்கலாம். ஆண்டுக்கு 1.4 லட்சம் டன் சேர்ப்பது 2015க்கான இலக்கு, பாதிகூட வரவில்லை.

வராததை வரவைத்தது ஒலிம்பிக். 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை, டோக்கியோ போட்டிகளின் பதக்கங்களுக்காகப் பழைய சாதனங்களைச் சேர்த்தார்கள். 78,985 டன் சாதனங்கள், அதில் 62.1 லட்சம் செல்போன்கள். கிடைத்தது 32 கிலோ தங்கம், சுமார் 3,500 கிலோ வெள்ளி, 2,200 கிலோ வெண்கலத்துக்கான உலோகம்; சுமார் 5,000 பதக்கங்களுக்குப் போதும். யாருக்கும் ஒரு யென் கொடுக்கவில்லை, யாரிடமும் வாங்கவில்லை. அலமாரியில் தூங்கும் செல்போனுக்குக் காசு தேவைப்படவில்லை, எடுத்துக் கொடுக்க ஒரு சாக்கு தேவைப்பட்டது. ஃபிரிட்ஜுக்கு இது செல்லுபடியாகாது. ஃபிரிட்ஜை அலமாரியில் மறக்க முடியாது.

நம்ம வாசலில்

இந்தியாவில் 2012 மே முதலே தயாரிப்பாளர் பொறுப்பு என்று விதி இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடக்கும் புதிய விதிகளில், தயாரிப்பாளர் தன் இலக்குக்கு ஈடாகப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்கை நேர் செய்யலாம். தொடக்க இலக்கு 60%. வீட்டு மின்சாதனங்களுக்குச் சான்றிதழின் அடிவிலை கிலோவுக்கு 22 ரூபாய் என்று அரசு வைத்ததை எதிர்த்துப் பெரிய நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போயின. சண்டை எல்லாம் மேல்மட்டத்தில். வாசலில் இன்னும் காயலான் கடைக்காரர்தான். காசும் இன்னும் எதிர்த்திசையில்தான்: அவர் நமக்குக் கொடுக்கிறார். ஜப்பானியக் கட்டணச் சீட்டை இங்கே கொண்டுவந்து இறக்கினால் முதல் தெருவிலேயே தோற்றுவிடும்.

அந்தக் காயலான் கடைக்காரர் முறை எல்லாவற்றையும் அள்ளிவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். ஊர் திரும்பிய அடுத்த மாதம் அம்மா வீட்டுப் பழைய 21 இன்ச் ட்யூப் டிவியைக் கொடுக்கக் கூப்பிட்டேன். டிரைசைக்கிளில் வந்தவர் முற்றத்தில் குந்தினார். பின்மூடியின் திருகாணிகளைக் கழற்ற அவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ட்யூபின் கழுத்தில் சுற்றியிருந்த காப்பர் காயிலை உருவி உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். போர்டைப் பிடுங்கினார், ஸ்பீக்கரைக் கழற்றினார், ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டார். அம்மா கையில் நூற்றைம்பது ரூபாய் கொடுத்தார்.

“அப்ப இது?” என்று ட்யூபைக் காட்டினார் அம்மா.

“கண்ணாடிம்மா. யாரும் எடுக்க மாட்டாங்க. குப்பைல போட்டுடுங்க, ஒடச்சுடாதீங்க, வெடிக்கும்.”

குப்பை வண்டிக்காரரும் எடுக்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே, தண்ணி மோட்டாருக்குப் பக்கத்தில், அது இன்னும் குப்புறப் படுத்திருக்கிறது. அதன் மேல் ஒரு சாக்கு போட்டு வைத்திருக்கிறார் அம்மா.